கோல்கர் கல்வெட்டின் நிரப்பப்படாத வரி

பாட்னாவிலுள்ள கோல்கர் களஞ்சியம் குறித்து எழுதுவோர் பலரும் அதன் கதவுகளையே பேசுகின்றனர். அவை உட்புறமாகத் திறப்பதால், தானியம் நிரம்பியபின் திறக்க இயலாது. ஆகவே கட்டடம் பயனற்றுப் போயிற்று என்பது அவர்தம் கூற்று. இக்கூற்று பழியைப் பொறியாளர் ஜான் கார்ஸ்டின்மீது சுமத்தி ஆட்சியை விடுவிக்கிறது.

ஏறத்தாழ 29 மீட்டர் உயரத்தில் தூணின்றி எழும் குவிமாடம் இது. அடிச்சுவரின் கனம் 3.6 மீட்டர். புறத்தே சுற்றியேறும் படிகளின்வழிச் சென்று, உச்சித் துளையில் தானியத்தைக் கொட்டிக் கீழ்வாயில்களில் எடுப்பது முறை. தமிழகக் குதிரின் வழிமுறையும் இதனை ஒத்ததே.

கல்வெட்டு கூறுவது வேறு. 1784 சனவரி 20ஆம் நாள் ஆணைப்படி, பஞ்சத்தை என்றென்றும் தடுக்கும் பொதுத் திட்டத்தின் ஒரு பகுதியாக எழுந்து, 1786 சூலை 20இல் இக்களஞ்சியம் முடிவுற்றது என்கிறது. முதலில் நிரப்பி மூடியவர் பெயருக்கென விடப்பட்ட இடமோ வெறுமையாகவே உள்ளது. மெய்க்கீர்த்தி முடிந்த செயலைப் புகழும். இக்கல்வெட்டு நிகழாத செயலுக்கு இடம் ஒதுக்குகிறது. பின்னாளில் தானியம் வைக்கப்பட்டதேனும் களஞ்சியம் முழுமையாக நிரம்பியதில்லை. திட்டத்தின் பிற பகுதிகளும் எழவில்லை.

1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அடுத்து, 1771இன் வரித்தண்டல் 1768இனும் மிகுந்ததை வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் எழுதிய கடிதமே ஒப்புகிறது. வரி கொள்ளும் கை தளராதவிடத்துக் களஞ்சியம் மட்டும் பஞ்சத்தைத் தடுக்க இயலாது. எனவே, கோல்கரை மதிப்பிடுவோர் கதவுகளினும் அவ்வெற்றிடத்தையே முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும்.