குனிந்து பார்த்தால்தான் வண்டி

பழைய லோடு வண்டி வாங்கப் போகிறவர் எந்த ஊரிலும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" காரைக்காலில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என்ன லோடு அடிச்சது?" ஒரே வருடத்து பொலிரோ பிக்கப் இரண்டு. ஒன்று திருநள்ளாறு பக்கம் நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றியது. மற்றது அரசலாற்று முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றியது. எதிரே நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அடியில் குனிந்தால் யார் மூத்தவர் என்பது தெரிந்துவிடும்.

பழைய வண்டியில் தேய்மானம் இல்லாமல் இருக்காது, இருக்கவும் வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது, ஓர் இடத்துத் தேய்மானம் இன்னோர் இடத்துத் தேய்மானத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை. மீட்டர் நாற்பதாயிரம் காட்டுகிறது. கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது என்றால், பெடலைத்தான் நம்ப வேண்டும். ஸ்டியரிங், கியர் நாப், கதவுக் கைப்பிடி எல்லாம் மீட்டரோடு ஒரே கணக்கைச் சொன்னால் அது நேர்மையாக உழைத்த வண்டி. இந்தப் பொருத்தம் பிடிபட்டுவிட்டால் வண்டி பார்ப்பதில் ஒரு சுவை வந்துவிடும்.

சேஸிஸிலிருந்து தொடங்குங்கள். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்போடும் மீன் கழிவோடும் கலந்து பாடியின் மூட்டுகள் வழியாகச் சொட்டும். அந்தத் தண்ணீர் பின்பக்கக் குறுக்குச் சட்டத்திலும், பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளிலும், சேஸிஸ் சட்டத்தின் உள்மடிப்பிலும் தங்கும். கடற்காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். துரு உள்ளே போன இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சமயத்தில் ஏடு ஏடாகப் பெயர்ந்து கையில் வரும். மேலோட்டமான செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம், கடலோரத்தில் அது சகஜம். ஏடு பெயர்ந்தால் யோசியுங்கள். சட்டத்தின் மேல் புது வெல்டிங் ஓடியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட் இருந்தாலே மோசடி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும் முன் எல்லாரும் அடிப்பதுதான். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம். ஆனால் எஃப்.சி. போன மாசியில் முடிந்திருக்க, பெயின்ட் வாசனை இப்போது அடித்தால், அது உங்களுக்காக அடித்த பெயின்ட். அங்கேதான் இன்னொரு முறை தட்ட வேண்டும். பிரேக் குழாய்களையும், எர்த் வயர் போல்ட் மாட்டிய இடத்தையும் அதே குனிதலில் பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் வயரிங் செலவு காத்திருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பகுதி இது. மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் டெல்டாவில் அபூர்வமல்ல. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து என்ஜின். "காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவையுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. ஆறிய என்ஜின் ஓரிரு செல்ஃபில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, 702 சிசி இரண்டு சிலிண்டர் என்ஜினோடு வந்தது. அது நடுங்குவதும் படபடப்பதும் அதன் பிறவிக் குணம். மூன்று சிலிண்டர் தோஸ்தும் நான்கு சிலிண்டர் பொலிரோவும் அதைவிட நிதானமாக நிற்கும். எந்த வண்டியானாலும் தாளம் சீராக இருக்க வேண்டும். நடுவே ஓர் அடி விழாமல் போனால் நாசிலோ கம்ப்ரஷனோ கோளாறு.

ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று தள்ளினால் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன், ரிங் வேலை என்று பொருள். சைலன்சர் புகையில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை நிற்காமல் வருகிறதென்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இல்லையென்றால் நாசில் அல்லது டர்போ. சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியில் இன்னொன்று: சாவியைத் திருப்பியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ முடக்கியிருக்கக்கூடும். சென்சாரும் புகை வடிகட்டியும் சில்லறைச் செலவல்ல.

ஓட்டிப் பார்ப்பதில் டெல்டாவுக்கு ஒரு சங்கடம்: மேடே கிடையாது. காலி வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினால் எந்தக் கிழட்டு என்ஜினும் இளசாகத் தெரியும். அதனால் பத்துப் பதினைந்து நெல் மூட்டையாவது ஏற்றி, பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்துப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, என்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாமல் கிளட்ச் வழுக்குகிறதா, காலை எடுக்கும்போது பின்னால் கிரவுன் ஊளையிடுகிறதா என்று கவனியுங்கள்.

காகிதத்தில் காரைக்காலுக்குத் தனிக் கணக்கு. புதுச்சேரிப் பதிவான பிஒய் 02 வண்டி பூவம் தாண்டினாலும் வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு. நாகப்பட்டினத்துக்காரர் தன் ஊரிலேயே வைத்து ஓட்டுவதற்கு வாங்கினால் என்.ஓ.சி. வாங்கி, அங்கே வரி கட்டிப் பதிவு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்று கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரை விரலால் தடவி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில், மீன் வண்டிகளுக்குச் சவாரி குறைவு. உரிமையாளருக்கும் நேரம் இருக்கும், நீங்களும் நிதானமாகப் பார்க்கலாம்.

பார்த்து முடித்ததும் குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். கிளட்ச், நாசில், டயர், பேட்டரி எல்லாம் காசு கொடுத்தால் புதிதாகும். அவற்றை விலையில் கழித்துப் பேசுங்கள். என்ஜின் வேலைகூட செலவுதான், முடிவல்ல. உப்பு தின்ற சேஸிஸும் ஒத்துப்போகாத காகிதமும் எந்த விலைக்கும் வேண்டாம்.