"கருக்கு" நம்மிடம் கேட்பது

"குரலற்றோரின் குரலாக விளங்குவதே திருச்சபையின் பணி" என்று நாம் அடிக்கடி முழங்குகிறோம். ஒடுக்கப்பட்டோர் உண்மையிலேயே குரலற்றோர்தாமா? 1992இல் வெளிவந்த பாமாவின் "கருக்கு" இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. இத்தன்வரலாற்று நூலைத் தலித் மக்களின் துயரத்திற்குச் சான்றாக மட்டும் வாசிப்போமாயின், அதன் குரலை நாம் கேட்டவர்களாக மாட்டோம்.

பள்ளிச் சிறுமி ஒருத்தி வீடு திரும்புகையில், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் கொடுப்பதைக் காண்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தொட்டால் தீட்டு என்பதை அண்ணன் விளக்கிய பின்னரே உண்மை விளங்குகிறது. முதலில் அவளுடன் சிரித்த வாசகரும் பின்னர் வெட்கித் தலைகுனிகிறார். ஆயிரம் வாதங்கள் செய்ய இயலாததை அச்சிரிப்புச் செய்துவிடுகிறது.

இவ்வாற்றலுக்குக் காரணம் மொழி. பாமா தம் மக்களின் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறார். அதனைப் பிரசங்கத் தமிழாகத் திருத்தினால் செய்திகள் எஞ்சும், குரல் எஞ்சாது. நமது அறிக்கைகளிலும் அருளுரைகளிலும் ஏழைகளின் முறையீட்டை நாம் இவ்வாறே திருத்துகிறோம். இக்கட்டுரையின் நடையும் அக்குற்றத்திற்கு விலக்கன்று.

நூலில் குறை இல்லாமலில்லை. துறவு மடத்தைப் பற்றிய பகுதிகளில் கண்டனம் திரும்பத் திரும்ப வருகிறது. கிராமத்தை வரைந்த தெளிவு அங்குச் சற்று மங்குகிறது. எனினும், ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விழைந்து துறவறம் ஏற்றவர், வசதி படைத்தோருக்கே பணியாற்றும் பள்ளியைக் கண்டு அடைந்த ஏமாற்றம் நம்மைச் சுடவே செய்கிறது.

"இது கத்தோலிக்கத் திருச்சபையின் கதை" என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். நற்கருணைப் பாத்திரத்தையும் இருக்கையையும் பகிர மறுத்த அவ்வரலாறு நம்முடையது.

எரிகோவின் வழியில் பர்திமேயு கூப்பிட்டான் (மாற்கு 10:46-52). அவனுக்குக் குரல் இருந்தது. அவனை அதட்டி அடக்கியவர்கள் இயேசுவோடு சென்ற கூட்டத்தார். இயேசுவோ அவனுக்காகப் பேசவில்லை. நின்றார், அவனை அழைப்பித்தார், அவன் விரும்புவது யாதென்று அவனையே கேட்டார்.

ஆயர்களாகிய நமக்கும், ஆயராகப் பயிலும் மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சபைக் குழுவில் பாதிக்கப்பட்டோர் முதலில் பேசட்டும். அவர்தம் சொற்கள் திருத்தப்படாமல் பதிவாகட்டும். பனங்கருக்கு கையைக் கிழிக்கும் என்று அஞ்சி அதன் பற்களைச் சீவிவிட்டு வாசிப்பது வாசிப்பாகாது.