நிலக்கிளியும் பாடநூலும்

முதலில் வேட்டை, பின்னர் உழவு, அதன்பின் ஆலை. மனிதப் பொருளாதாரம் இவ்வாறே படிப்படியாக ஏறியது என்று பாடநூல்கள் கூறுகின்றன. நாமும் வகுப்பறையில் அதையே ஒப்புவிக்கிறோம். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) நாவலைப் படிப்போர்க்கு அந்தப் படிக்கட்டு ஆட்டங்காணும். முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்நாவலில் வேட்டையும் உழவும் அடுத்தடுத்த யுகங்கள் அல்ல. ஒரே மனிதர்களின் அன்றாடம்.

அதே வன்னியில், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்சாரம் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுத்தனர். அருகிலேயே இரணைமடு நீரில் நெல் விளைந்தது. எந்தப் படியில் நிறுத்துவது இந்நிலத்தை? போர் மூண்டு 1980களில் ஆலை ஓய்ந்தபின், படியிறங்கும் வரலாற்றுக்கும் விளக்கம் வேண்டியதாயிற்று.

பாலமனோகரன் வன்னியை உள்ளிருந்து காண்கிறார், அதில் ஐயமில்லை. ஆயினும் பதஞ்சலியின் மனத்துக்குக் கிட்டிய இடம் விளைபொருளின் விலைக்குக் கிட்டவில்லை. இதைச் சிறு குறையென்று நான் தள்ளமாட்டேன். 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் மிளகாய் பயிரிட்டவன் நிமிர்ந்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவனே விலையின்றித் தவித்தான். அவனுடைய மண்ணும் மண்வெட்டியும் மாறவில்லை. கொழும்பில் கொள்கை மாறியது.

அந்த 1977இலேயே வெளிவந்த செங்கை ஆழியானின் ‘காட்டாறு’, வன்னி உழவர்மீதான சுரண்டலை நேர்நின்று பேசியது. கலையழகில் ‘நிலக்கிளி’யே எனக்கு உவப்பானது. ஆனால் வகுப்பறைக்கு இரண்டையும் ஒருசேர எடுத்துச் செல்லுங்கள்.