வாசலுக்கு வெளியே நிற்போர்

ஒரு சங்கத்தின் இலட்சியத்தை அதன் சாசனத்தைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. அது யாரைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். சகோதரத்துவம் பேசிய ஆடவர் சங்கங்களுள் உலகறிந்த பிறீமேசன் சங்கத்தை இந்த அளவுகோல் கொண்டு அளந்து காட்டிய பேரிலக்கியம் டோல்ஸ்டோயின் நாவலாகும். டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் "போரும் வாழ்வும்" எனத் தமிழர் அறிந்த அந்நூலில், போர்க்களத்தையும் நட்டாஷாவின் காதலையும் வியந்து பேசும் எம்மவர், பியேர் பிறீமேசனாகும் அத்தியாயங்களை விரைந்து புரட்டிவிடுகின்றனர். மலைநாட்டில் வாழும் எமக்கோ அவையே மிக அணுக்கமான பகுதிகள்.

முதலில் அச்சங்கத்துக்குரிய நியாயத்தை வழங்குவோம். 1717 இல் இலண்டனில் நான்கு கிளைகள் இணைந்து பெருஞ்சபை உருவாகியது. குலமும் மதமும் கொண்டே மனிதன் மதிக்கப்பட்ட காலத்தில் பிரபுவையும் வணிகனையும் ஒரே மண்டபத்தில் சகோதரர் என அமர்த்தியமை ஒரு முன்னேற்றமே. வாய்மை, ஈகை, பரஸ்பர உதவி என்பன அதன் விழுமியங்கள். ஆயின் 1723 இல் அச்சான அதன் விதிநூல், அடிமைகளுக்கும் பெண்களுக்கும் உறுப்புரிமை இல்லையென வெளிப்படையாகவே விதித்தது. சமத்துவம் மண்டபத்துக்குள் அடங்கிற்று.

மனைவியைப் பிரிந்து, வாழ்வின் பொருள் யாதெனத் தெரியாது தவிக்கும் பியேர், வழித்தங்கல் நிலையமொன்றில் முதிய பிறீமேசன் ஒருவரைச் சந்தித்துச் சங்கத்தில் சேர்கிறான். அவனது தாகத்தை டோல்ஸ்டோய் எள்ளி நகையாடவில்லை. அது மெய்யான தாகம். தீட்சையின்போது அவனுக்குப் பெண்களுக்குரிய கையுறை ஒரு சோடியும் அளிக்கப்படுகிறது. அவன் மிக மதிக்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாம். அப்பெண் சபையினுள் வர இயலாது. அவளுக்குக் கிட்டுவது கையுறை மாத்திரமே.

அவனது சகோதரத்துவத்துக்கு உண்மைச் சோதனை கீவ் பிரதேசத்திலுள்ள அவனது பண்ணைகளிலேயே நிகழ்கிறது. கைக்குழந்தையுள்ள பெண்களை வேலைக்கு அனுப்பலாகாது, சவுக்கடி கூடாது, மருத்துவமனைகளும் பள்ளிகளும் வேண்டும் என்று ஆணையிடுகிறான். கட்டடங்கள் எழுகின்றன, பண்ணையடிமைகள் நன்றி கூறி வரவேற்கின்றனர். அவன் கண்கலங்குகிறான். ஆனால் அக்கட்டடங்களை எழுப்பியது அவ்வடிமைகளின் மேலதிக உழைப்பே. பண்ணை வேலையினின்று விலக்கப்பட்ட தாய்மார் தம் சொந்த நிலத்தில் முன்னிலும் கடுமையாகப் பாடுபடுகின்றனர். எசமானின் வருமானம் குறையாதவாறு தருமம் நடைபெறுகிறது. சங்கத்தின் உள்ளும் இதே கதைதான். உடைமையெல்லாம் அயலானுக்கு என்று உறுதிமொழி எடுத்த செல்வந்தர், உண்டியலில் இருபது முப்பது ரூபிள் எழுதுகின்றனர். பொறிஸ் போன்றோர் பெரிய மனிதரின் தொடர்புக்காகவே சேர்கின்றனர். சங்கம் செயலில் இறங்க வேண்டும் எனப் பியேர் கோரியபோது அவனது யோசனை நிராகரிக்கப்படுகிறது.

சகோதரத்துவம் பற்றி எதுவும் பேசாத ஆந்திரேயோ முந்நூறு பண்ணையடிமைகளைச் சுதந்திர உழவராக்கி விடுகிறான். இவ்வாறு ஒப்புநோக்க வைப்பது டோல்ஸ்டோயின் யதார்த்தவாதத்தின் வெற்றி. அவரது எல்லையையும் நாம் மறைத்தலாகாது. பொகுச்சாரவோ உழவர் தாமாக எதிர்த்து நிற்கும்போது, அவர்களது நியாயத்தைத் தேடாது, ரொஸ்தோவின் முட்டியால் அவர்களை அடக்கிவிடுகிறார். வாசலுக்கு வெளியே நிற்பவனின் துயரை அவரால் காணமுடிந்தது. அவனது குரலைக் கேட்க முடியவில்லை.

அக்குரலை எமது மலைகள் கேட்டுள்ளன. 1854 இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் பிறீமேசன் சபை அன்று. முதலாளிமார் நலன் பேணும் அமைப்பு. எனினும் துரைமாரிடையே நிலவிய தோழமை, லயத்தின் வாசலோடு நின்றுவிட்டமையில் இரண்டும் ஒன்றே. அத்தோழமையின் எல்லையை மீறியவர் பிறேஸ்கேடில். 1936 இல் மடுல்கலை றெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த இவ்விளைஞர், தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையிழந்து, சமசமாஜிகளுடன் இணைந்தார். 1937 ஏப்ரிலில் ஆள்பதி அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். துரையாக வந்தவருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்தது. கூலியாக வந்தவருக்குத் துப்பாக்கி பதில் சொன்னது.

இவ்வளவும் கூறிய நாம், பிறர் சங்கத்தை மட்டும் குறைகூறி அமைதல் தகுமோ? எமது எழுத்தாளர் கூட்டங்களும், ஆசிரியர் சங்கங்களும், மலையகத் தொழிற்சங்கங்களும் "தோழர்" என்றே அழைக்கின்றன. தேயிலைக் கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களது சந்தாப் பணத்தில் இயங்கும் சங்கங்களின் தலைமைப் பீடத்தில் அவர்களைக் காண்பது அரிது. மே தினத்தில் அவர்களுக்கு நாம் வழங்கும் புகழுரை, பியேர் பெற்ற அந்தக் கையுறையினும் எவ்வகையில் மேலானது?

மாணவர்க்கு இந்நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர், இக்கேள்வியையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சகோதரத்துவம் உள்ளே இருப்போரின் உணர்ச்சி அன்று. வெளியே நிற்போரின் உரிமை.