குடும்பம் என்ற சொல்லுக்குள் யார்?

காப்பீட்டுத் திட்டங்களின் விதிமுறைகளை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. கையெழுத்திடும் இடத்தைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், பெர்ன்ஹில் குளிரில் அம்மாவின் முழங்கால்கள் மடங்க மறுக்கும்வரை.

அரசுக் கல்லூரி ஆசிரியையான என் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடிக்கப்பட்டது. 2021 ஜூலையில் தொடங்கிய அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம் அது. 2025 ஜூன் வரையிலான நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட சில நோய்களுக்கு 10 லட்சம் வரை என்று அது வகுக்கப்பட்டிருந்தது. ஊழியர், சட்டப்படியான துணை, வேலையும் திருமணமும் ஆகாத 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்: இதுதான் அதன் குடும்பம். ஊழியர் மணமாகாதவர் என்றால் மட்டும் பெற்றோரும் சேர்ந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது என் அட்டையில் அம்மா இருந்தார். மணமானதும் அம்மாவின் பெயர் போய்க் கணவர் பெயர் வந்தது. அம்மாவோ அன்றும் இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறார்.

விதி ஆணுக்கும் இதேதான் என்று சக ஆசிரியர் சொன்னார். உண்மைதான். ஆனால் திருமணம் ஆனதும் பெற்றோர் ஒருவரின் குடும்பத்திலிருந்து விலகிவிடுகிறார்கள் என்பது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாக்கியம்? நம் ஊரில் மணமான மகனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மலையில் இந்தப் பாகுபாடு சட்டத்திலேயே வெளிப்படையாக இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. 2010வரை நடைமுறையில் இருந்த அதன் வரையறைப்படி துணையும் பிள்ளைகளும் குடும்பம். தொழிலாளி ஆணாக இருந்தால் மட்டும், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் குடும்பம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் ஒரே எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். அப்பத்தாவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்தது. அதே லைன் வீட்டில் இருமிக்கொண்டிருந்த அம்மாச்சிக்கு, அம்மா தன் கூலியிலிருந்து வெளியே மருந்து வாங்கினார்.

2010 திருத்தத்தில் அந்தச் சொற்கள் மாறின. தொழிலாளி ஆணா பெண்ணா என்று கேட்காமல், சார்ந்திருக்கும் பெற்றோரும் விதவைச் சகோதரியும் குடும்பத்துக்குள் வந்தார்கள். வரையறை என்பது மனிதர்கள் எழுதுவது, திருத்தி எழுதக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

திருத்துவதெல்லாம் முன்னேற்றம் என்றும் சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் ஊழியருக்கு மட்டும் மாமனார் மாமியாரையும் பெற்றோர் பட்டியலில் சேர்க்கிறது. அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைப்பது நல்லதே. ஆனால் ஆண் ஊழியரின் மாமனார் மாமியார் ஏன் இல்லை? யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு, சலுகையின் உருவில் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. குடும்பம் என்ற சொல் திருக்குறளில் குடிசெயல்வகை அதிகாரத்தில் வருகிறது, குடும்பத்தின் துன்பத்தைத் தாங்கும் உடம்பைப் பற்றி. அங்கே தாங்குபவருக்கு ஆண்பால் விகுதி. வகுப்பில் அந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் கொழுந்துக் கூடையின் வார் அழுந்திய அம்மாவின் நெற்றியே எனக்கு நினைவுக்கு வரும்.

அம்மாவுக்கு வேறு வழிகள் உண்டா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் என் ரேஷன் கார்டில் இருப்பதால், என் சம்பளம் அவருடைய வருமானமாகிவிடுகிறது. ஒரு திட்டம் அம்மா உன் குடும்பமில்லை என்கிறது. இன்னொன்று, உன் குடும்பம் என்பதால் அவருக்கு இல்லை என்கிறது. தனிக் கார்டு வாங்கலாமே என்றார்கள். அதற்குத் தனிச் சமையல் காட்ட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா? நான் என்ன உன்கூடச் சண்டை போட்டுக்கிட்டா இருக்கேன்?"

தனியார் பாலிசிகளை ஒப்பிட்டேன். குடும்பம் முழுவதற்குமான பாலிசியில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. 68 வயது அம்மாவைச் சேர்த்தால் எல்லோருக்கும் சேர்த்து ஏறும். முதியோருக்கான தனிப் பாலிசிகள் பலவற்றில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதங்கள்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கும். என் பிடித்தம் ஆண்டுக்கு 3,600 ரூபாயாக இருந்தது. அம்மாவுக்குக் கேட்ட தொகை அதைப்போல் பல மடங்கு.

நான் கேட்பது இலவசமல்ல. யாரை மணந்தாய் என்று கேட்கும் படிவம், உன்னைச் சார்ந்து யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கட்டும். கூடுதலாகப் பிடித்துக்கொள்ளட்டும். மத்திய அரசின் சிஜிஎச்எஸ் திட்டத்தில் மணமான பெண் ஊழியர் தன் பெற்றோரையோ கணவரின் பெற்றோரையோ தேர்ந்தெடுக்கலாம். இருவரில் ஒருவர் என்ற கொடுமையான தேர்வுதான். ஆனாலும் அங்கே மகள் என்பவள் இருக்கிறாள்.

கடைசியில் அம்மாவை ஊட்டி அரசு மருத்துவமனைக்கே அழைத்துப் போனேன். உடனிருப்பவர் என்ற இடத்தில் என் பெயரையும் உறவையும் எழுதச் சொன்னார்கள். மகள் என்று எழுதினேன். எனக்கு மணமாகிவிட்டதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.