விதிப் புத்தகம் யார் கையில்?

ஒரு விளையாட்டின் விதி மாறும்போது அதை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. 'திருத்தம்' என்பார்கள், 'மேம்பாடு' என்பார்கள். பழைய விதியில் குழப்பம் இருந்தது, புதியதில் அது களையப்பட்டுவிட்டது என்று முன்னுரையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டின் ஐம்பதாண்டுப் பதிப்பு வரலாற்றை இந்த 'வளர்ச்சி'க் கதையாடலுக்கு எதிராக வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் நடத்துநர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். நடத்துநர் ஒரு நிலைமையைச் சொல்வார். 'நான் கதவை உடைக்கிறேன்' என்பார் ஒருவர். உடைகிறதா இல்லையா என்பதைப் பகடையும் விதியும் நடத்துநரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஆக, இங்கே பிரதி என்று எதுவும் முன்கூட்டியே கிடையாது. பேச்சில்தான் அது உருவாகிறது, ஆட்டம் முடிந்ததும் கரைந்துபோகிறது. அச்சில் இருப்பது பிரதியை உண்டாக்குவதற்கான இலக்கணம் மட்டுமே. இந்த இலக்கணம் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்கிறது: தீர்ப்புச் சொல்வது யார்? எந்தச் செயலுக்குப் பரிசு? எந்த உடம்புக்கு எது சாத்தியம்? பதிப்புக்குப் பதிப்பு மாறிவந்திருப்பவை இந்த விடைகளே.

முதல் கேள்வி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பு மூன்று சிறு புத்தகங்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது அது. சண்டைக்கே 'செயின்மெயில்' என்ற வேறொரு விதிநூலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னது. எங்கு பார்த்தாலும் இடைவெளிகள். அந்த இடைவெளிகளை ஆடியவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறாக இருந்தது. சூத்திரம் சுருங்கியிருந்தால் உரை பெருகும் என்பது இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

1977க்கும் 1979க்கும் இடையே 'அட்வான்ஸ்டு' பதிப்பின் மூன்று தடித்த நூல்கள் வந்தன. இடைவெளிகளை அடைத்து, எல்லா ஊரிலும் ஒரே ஆட்டம் என்று நிலைநாட்டுவது நோக்கம். கவனிக்க வேண்டியது இதுதான்: எந்த எண் விழுந்தால் அடி படும், நஞ்சிலிருந்தும் மந்திரத்திலிருந்தும் தப்ப எவ்வளவு விழ வேண்டும் என்கிற அட்டவணைகள் ஆட்டக்காரர் நூலில் இல்லை. 1979இல் வந்த நடத்துநர் நூலில் இருந்தன. அந்த நூல் நடத்துநருக்கு மட்டுமே உரியது என்று நூலுக்குள்ளேயே எச்சரிக்கை வேறு. ஆட்டக்காரர் பகடையை உருட்டுவார், எண்ணைச் சொல்வார். அதன் பொருள் என்னவென்று அடுத்தவர் சொல்லக் கேட்டுக்கொள்வார். அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதத்தைப் பற்றி ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிட எளிய உதாரணம் லேசில் அகப்படாது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அட்டவணைகளைத் தூக்கியெறிந்தது. இருபது முகப் பகடையை உருட்டு, கூட்டு, குறிப்பிட்ட எண்ணை எட்டினாயா பார் - எல்லாச் செயலுக்கும் ஒரே வாய்பாடு. அது ஆட்டக்காரர் நூலிலேயே அச்சாகியிருந்தது. இது ஜனநாயகம்தானே என்று தோன்றும். பாதி உண்மை. நடத்துநரிடமிருந்து பிடுங்கிய அதிகாரம் ஆட்டக்காரருக்குப் போவதற்குள் புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நடத்துநரோடு சண்டை போடலாம். புத்தகத்தோடு போட முடியாது. அதிகப் புத்தகம் வாங்கியவன், அதிகம் மனப்பாடம் பண்ணியவன் மேசையில் பெரிய ஆளானான். 2008இல் நான்காம் பதிப்பு இந்தப் போக்கை அதன் எல்லைவரை கொண்டுபோனது. 2014இல் ஐந்தாம் பதிப்போ பலவற்றை மறுபடி நடத்துநரின் முடிவுக்கே விட்டது. வளர்ச்சி என்றால் ஒரு திசை வேண்டாமா? இங்கே நாம் பார்ப்பது போவதும் வருவதுமான ஊசலாட்டம்.

இரண்டாவது கேள்வி. தொடக்ககாலப் பதிப்புகளில் அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலிலிருந்து வந்தது. வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. அரக்கனைக் கொல்வதில் அவ்வளவு லாபம் கிடையாது. எனவே விவரமான ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்த்தார். ஒளிந்தார், பேரம் பேசினார், ஓடினார். 1989இல் இரண்டாம் பதிப்பு பொற்காசுப் புள்ளியை விருப்ப விதியாக ஒதுக்கியது. 2000இல் எதிரியை வெல்வதே புள்ளிக்கான பிரதான வழியாயிற்று. 'கொல்' என்று எந்தப் பக்கத்திலும் கட்டளை இல்லை. ஆனால் தந்திரக்காரக் கொள்ளையன் மறைந்து, எதிர்ப்பட்டதை வெட்டிச் சாய்க்கும் வீரன் மையத்துக்கு வந்துவிட்டான். தடைசெய்வதைவிட ஆசையை உற்பத்தி செய்வதில்தான் விதியின் வலிமை இருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் நம்மை அதிகம் தொந்தரவு செய்வது. 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் நூலில் போர்வீரரின் உடல்பலம் 18ஐத் தொட்டால் அதற்கு மேல் நூறு கூறு உண்டு. மனித ஆண் நூறுவரை போகலாம். மனிதப் பெண் ஐம்பதில் நின்றுவிட வேண்டும். பறக்கும் நாகமும் தீப்பந்தும் சர்வசாதாரணமாக இருக்கும் உலகத்தில் 'யதார்த்தம்' பெண்ணின் புஜத்தில் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது! 1989இல் இந்த விதி எடுபட்டது. அதே 1978 நூலில் குள்ளர் மந்திரவாதி ஆக முடியாது. குள்ளரும் எல்ஃபுகளும் தொழிலில் ஓரளவுக்கு மேல் உயர முடியாது. திருடர் தொழிலில் மட்டும் தடையில்லை. மனிதருக்கு எல்லை கிடையாது. பிறப்பையும் தொழிலையும் முடிச்சுப் போட்டுப் பழகிய சமூகத்தின் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2000இல் இந்த வரம்புகள் போயின. 2024இல் 'இனம்' என்ற சொல்லே போய் 'உயிரினவகை' என்ற பொருள்தரும் சொல் வந்தது. பிறப்பால் கிடைத்துவந்த பலம், அறிவு முதலியவற்றின் கூடுதல் புள்ளி இப்போது பாத்திரத்தின் பின்புலத்திலிருந்து, அதாவது அவர் விவசாயியாக, படைவீரராக, எழுத்தராக இருந்த முன்வாழ்விலிருந்து, கிடைக்கிறது. 1977இல் தீயவர் என்றே பட்டியலிடப்பட்ட ஓர்க்குகள் இன்று ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரவகைகளில் ஒன்று. இது சும்மா ஒப்பனை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் பிறவிக்குணங்கள் என்ற பட்டியல் இன்னும் அச்சிலிருந்து போகவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

'புதிய பதிப்பு என்பது பழைய வாடிக்கையாளனுக்கே மறுபடி புத்தகம் விற்கிற தந்திரம், இதில் தத்துவம் என்ன வேண்டிக்கிடக்கிறது?' என்று கேட்கலாம். லாபம் என்பது ஏன் புதிய பதிப்பு வருகிறது என்பதற்குப் பதில். அது ஏன் இப்படி வருகிறது என்பதற்குப் பதிலாகாது. தவிர, லாபக் கணக்கு எப்போதும் பலிப்பதுமில்லை. 2000இல் 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் தன் விதிகளின் பெரும்பகுதியைப் பிறரும் எடுத்தாள ஒரு திறந்த உரிமம் வழங்கியது. அதை வைத்தே 2006இல் 'ஆஸ்ரிக்' என்ற நூல் கைவிடப்பட்ட முதல் 'அட்வான்ஸ்டு' விதிகளை மீண்டும் உயிர்ப்பித்தது. நான்காம் பதிப்பை ஏற்காதவர்களுக்காக 2009இல் 'பாத்ஃபைண்டர்' வந்தது. 2023 ஜனவரியில் நிறுவனம் அந்தப் பழைய உரிமத்தைச் செல்லாததாக்க முயன்ற வரைவு கசிந்தது. ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் வெளியிடும்படி ஆயிற்று.

திருத்தம் என்ற சொல்லை நான் சந்தேகிப்பது இதனால்தான். திருத்தப்பட்ட பிரதி வந்ததும் பழையது பிழையாகிவிட வேண்டும். இங்கே அப்படி நடக்கவில்லை. 1974இன் விதியை வைத்து இன்றைக்கும் ஆடுகிறார்கள். அவர்களுக்குப் புதியது தெரியாமலில்லை. பெண்ணின் பலத்துக்குப் போட்ட வரம்பைத் தூக்கிவிட்டு, பொற்காசுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆட முடியும். எந்த விதியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற முடிவைப் பதிப்பாளரிடம் விட்டுவிடாமல் மேசையிலேயே எடுப்பது - அதற்குப் பெயர் பழமைவாதம் என்றால், அந்தப் பெயரைச் சூட்டுகிறவர் யாருடைய புத்தகத்தை விற்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.