வெளிச்சத்தை வடித்தெடுத்த ஸ்தபதி

ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயிலின் ராஜகோபுரம் ஒன்பது நிலை, 110 அடி. தாமிரபரணியின் வடகரையில் வயலுக்கும் வாழைக்கும் மேலாகத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவரின் முழுச் சாமர்த்தியமும் வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது என்பேன்.

உள்ளே போகப் போகக் கூரை தாழ்கிறது, தூண்கள் நெருங்குகின்றன, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. வெயிலில் சுட்ட கால் குளிர்ந்த கல்லை மிதிக்கிறது. பேச்சு தானாகவே தணிகிறது. யாரும் சொல்லித் தணிவதில்லை. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் யூஹானி பல்லாஸ்மா, கட்டடத்தைக் கண்ணோடு தோலும் காதும் சேர்ந்தே அறிகின்றன என்று 1996-ல் ஒரு நூலே எழுதினார். இங்கே அது உள்ளங்காலுக்குத் தெரியும்.

திருவேங்கடமுடையான் சன்னிதி மண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே மெதுவாக நடந்து பாருங்கள். அருகிலுள்ள தூண் சட்டென்று பின்னால் போகும், அடுத்தது நிதானமாக நகரும், கடைசித் தூண் அசையாமல் நிற்கும். அந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் மனம் ஆழத்தை அளக்கிறது. நின்றுகொண்டே எடுத்த புகைப்படத்தில் இந்த மண்டபம் தட்டையாகிப்போவது அதனால்தான். யாளியின் தசைமுறுக்கும் அப்படியே: பக்கவாட்டு வெளிச்சத்தில், நாம் நகரும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

மூலஸ்தானத்தில் ஆதிசேஷன் குடைபிடிக்க, வைகுந்தநாதன் நின்ற திருக்கோலம். நவதிருப்பதிகளில் இது சூரியனுக்குரிய தலம். சித்திரை 6, ஐப்பசி 6 ஆகிய நாட்களில் காலைக்கதிர் பெருமாள்மேல் விழும் என்றும், அதற்கு வழிவிட்டே கொடிமரமும் பலிபீடமும் கருடனும் சற்று விலகியிருக்கின்றன என்றும் கோயிலில் சொல்வார்கள். சித்திரையில் சூரியன் நேர்கிழக்குக்கு வடக்கே தள்ளி எழுகிறது, ஐப்பசியில் தெற்கே தள்ளி. இரண்டு சாய்வையும் மனத்தில் வைத்து ஒரு கோயிலை நினைத்துப் பார்க்க எத்தகைய பொறுமை வேண்டும்! ஆண்டு முழுவதும் இருளைக் காத்து வைத்தால்தான் அந்த ஒரு கீற்றுக்கு மதிப்பு.

அதனால்தான், பழைய கோயில்களின் மண்டபங்களில் வரிசையாக டியூப் லைட் மாட்டும்போது எனக்கு மனம் வலிக்கிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்; பளிச்சென்ற ஒரே ஒரு மின்விளக்கு அதைக் கலைத்துவிடும். ஸ்ரீவைகுண்டம் போகிறவர்கள் நேரே சேவிக்க ஓடாமல், முதலில் பிராகாரத்தைச் சுற்றி, மண்டபத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போங்கள். நெய்விளக்கின் ஒளியிலேயே ஆதிசேஷனின் படம்வரை தெரியும்.